அமிர்தராஜ் மாப்பிள்ளையின் இரண்டு கடன்கள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கரண்டி பிடித்துக் கொத்து வேலை கற்று, பிறகு காண்ட்ராக்ட் எடுத்தேன். திருச்சியில் எந்தத் தெருவில் நின்றாலும் நான் கட்டிய சுவர் ஒன்றைக் காட்டுவேன். யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியதில்லை. ஆகவே என் தங்கை லூர்து மேரியின் புருஷன் அமிர்தராஜ் பட்ட பாடு எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

அவர் வையம்பட்டிக்காரர். மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பம். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று சர்க்கார் உதவித்தொகையைக் கடனாகக் கொடுத்தது. படித்து முடித்து, எழுபத்து நாலில் உறையூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சயின்ஸ் வாத்தியார் ஆனார். அந்தக் கடனில் ஒரு சலுகை உண்டு. வாத்தியாராக இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. நடுவில் வேலையை விட்டால் மிச்சத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும்.

கல்யாணத்துக்கு நான் காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டின் மேலேயே மனை கொடுத்தேன். என் வகையறாவில் வேறு யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. ஆனால் அவர்கள் குடியிருந்தது உறையூரில் ஒற்றை அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டவ், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் குழந்தைகள். எழுபத்தெட்டில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும், மாப்பிள்ளையும் நானும் வீட்டுக்கடன் கேட்டு ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனோம்.

அங்கே செக்ரட்டரி ஸ்ரீரங்கராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர். "மனை இருக்கு, ரொம்ப சந்தோஷம். ஆனா படிச்ச கடன் பாக்கி இருக்கே, சார். அது தீர்ந்துதுன்னு சர்டிபிகேட் கொண்டு வாங்கோ. இந்தச் சம்பளத்துக்கு எப்படியும் பாதி வீடுதான் கட்ட முடியும்."

"பாதி வீடு கட்டி எனக்குப் பழக்கமில்லைங்க" என்றேன். அவர் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

அதே வருஷம் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில், லேபில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் இரண்டு மடங்கு. தங்கை கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை அன்று சாப்பிடவே இல்லை. பள்ளியை விட்டால் பழைய கடன் மொத்தமாகத் தலையில் விழும். ஃபேக்டரியில் வேலை நிரந்தரமாகும்வரை சங்கம் ஒரு பைசா தராது. இருந்தாலும் வீடு இல்லை, போனாலும் வீடு இல்லை.

"பாக்கியை நான் கட்டிடறேன். நீங்க ஃபேக்டரிக்குக் கெளம்புங்க, மாப்பிள்ளை" என்றேன்.

"வேணாம் மச்சான். சர்க்காருக்கு முகம் கிடையாது. உங்களை நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. அடுப்படியிலிருந்து தங்கை சொன்னாள்: "விடுண்ணே. இவரு வாத்தியார் வேலை பாக்கலை. ஜாமீன்ல இருக்காரு."

ஃபேக்டரிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டார். இன்னும் சின்ன அறைக்குக் குடி போனார்கள். காட்டூர் மனையில் கருவேலம் முளைத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை நான்தான் ஆள் விட்டு வெட்டினேன்.

எண்பத்து நாலில் கடன் தீர்ந்தது. மறுநாளே சங்கத்துக்கு ஓடினார். அதற்குள் சம்பளமும் உயர்ந்திருந்தது. மனையையும் கட்டப் போகும் வீட்டையும் அடமானம் எழுதி வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். கூலி வாங்காமல் நானே கட்டினேன்.

"இப்ப ஃபேக்டரிக்கு முயற்சி பண்ணலாமே?"

"வயசு தாண்டிடுச்சு மச்சான். சங்கத்துத் தவணையை ஸ்கூல் சம்பளத்துலதான் பிடிக்கிறாங்க, ரிட்டயர் ஆகுறவரைக்கும். வேலையை விட்டா மொத்தத்தையும் வைன்னுவாங்க."

சுவர் தோளுயரம் வந்தபோது, ரோட்டுப் பக்கம் ஜன்னல் வேண்டாம் என்றார். காற்று அந்தப் பக்கந்தான் வரும் என்று வாதாடினேன்.

"காலையில ஃபேக்டரி பஸ் இந்த வழியாத்தான் போகுது. என்னோட படிச்ச பயலுவ கை காட்டுறானுவ. ஸ்கூலுக்குப் போக ரோட்டுல நிக்கறப்ப பாக்குறது போதும்."

என் வேலையில் யார் குறுக்கே பேசினாலும் நான் கேட்கிறவன் இல்லை. அன்று ஆளைக் கூப்பிடாமல், நானே கரண்டியை எடுத்து ஜன்னலுக்கு விட்டிருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தேன்.