ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே

“எந்த ஊரு வண்டி?”

இதைக் கேட்காமல் எங்கள் எடைமேடைக்காரர் ஒரு லாரியையும் மேடையில் ஏற விடமாட்டார். எடைச் சீட்டில் ஊருக்கென்று இடமே கிடையாது. வண்டி எண், சரக்கு, எடை, அவ்வளவுதான். இருந்தாலும் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கேட்பார். டிரைவர் தெற்கே ஏதாவது ஓர் ஊரைச் சொல்லிவிட்டால் போச்சு. அங்கே மழை உண்டா, புதுப் பாலம் திறந்தாச்சா, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடை இன்னும் இருக்கிறதா? பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும் பதில் வாங்காமல் சீட்டைக் கிழிக்கமாட்டார். பக்கத்து அறையில் கேட் பதிவேடு எழுதுகிறவன் நான். அந்தப் பாலத்தின் கதை எனக்கே மனப்பாடம்.

எங்கள் ஆலையில் எடைமேடைக்காரருக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். அவர் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றபடி அவர் ‘தெற்கத்தியார்’. வருடத்துக்கு ஒருமுறை லீவில் பிறந்த ஊருக்குப் போகிறாரே, அங்கே அவர் ‘வடக்கத்தியார்’.

“நடுவுல ரயில்ல ஒரு நாள் முழுக்க இருக்கேன் பாருங்க, அப்பதான் எந்தப் பேரும் இல்லாம நிம்மதியாத் தூக்கம் வருது” என்பார்.

இங்கே தண்ணீர் குடித்தால் “எங்க ஊர்த் தண்ணி மாதிரி வராது” என்பார். அங்கே போய் ஒரு மடக்குக் குடித்துவிட்டு இதையேதான் சொல்கிறாராம். அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் இந்த ஊர்க்காரர். கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரம், மாப்பிள்ளை அறுபத்தைந்து கிலோ இருந்தபோது அளவெடுத்தது. இப்போது நூற்றிரண்டு. எண்ணெய் தடவினாலும் கழலாது.

கேன்டீன் டி.வி.யில் நம் நாட்டு அணி ஆடினால் முதல் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார். வடக்கும் தெற்கும் மோதினால் அந்தப் பக்கமே வரமாட்டார். “நாட்டுக்கு ஆடுனா நிம்மதியாப் பாக்கலாம். இவங்களுக்குள்ள ஆடுனா எந்தப் பக்கம் கத்துறதுன்னே தெரியல.”

ஆலை ஆண்டு விழாவில் உள்ளூர்க்காரர்களுக்கும் தெற்கிலிருந்து வந்தவர்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. உள்ளூர் அணிக்குத் தலைவர் அவருடைய மைத்துனர். எடைமேடைக்குப் பின்னால்தான் மாலை நேரப் பயிற்சி. இவர் ஜன்னலில் இருந்தபடியே “ஒண்ணு… ரெண்டு… மூணு” என்று எண்ணிக் கொடுப்பார். மூணில் எட்டுப் பேரும் சேர்ந்து இழுப்பார்கள். போட்டி நாளன்று மட்டும் அவருக்குத் தவறாமல் முழங்கால் வலி வந்துவிடும்.

இந்த வருடம் முழங்கால் கைகொடுக்கவில்லை. தெற்கத்தி அணியில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஆள் குறைந்தால் ஆடாமலே தோல்வி. அணித்தலைவனான ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஜன்னலில் வந்து நின்றான்.

“அண்ணே, ஒம்போது வருசமாத் தோத்துட்டு நிக்கிறோம். நீங்களும் அங்கேருந்து வந்தவருதானே?”

இருபத்தெட்டு வருடத்தில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அவரை உரிமையோடு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனிதர் உருகிவிட்டார். வீட்டில் சொன்னபோது மனைவி கோபிக்கவில்லை. “என் தம்பிய எதிர்த்தா? நல்லா இழுங்க. ராத்திரி சோறு தெக்கேருந்து வரும்” என்றாராம்.

போட்டியன்று கயிற்றின் கடைசியில் நின்றார். எண்ணுவது கடைசி ஆளின் வேலை. தெற்கே ரெண்டில் இழுப்பதுதான் வழக்கம். முதல் சுற்றில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ‘ரெண்டு, ரெண்டு’ என்று முணுமுணுத்துக்கொண்டு, எண்ணும்போது ரெண்டோடு நிறுத்தினார். ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்று கைவிட்டுப் போனது. மூன்றாவதில் நடுக்கயிற்றில் கட்டியிருந்த சிவப்புத் துணி தெற்குப் பக்கம் நகர்ந்து, கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடியது. இன்னும் ஓர் இழுப்புத்தான். மனிதருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“ஒண்ணு… ரெண்டு… மூணு!”

அவருடைய ஆட்கள் ரெண்டில் இழுத்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த எட்டுப் பேருக்கும் வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய குரல். மூணு என்றதும் சேர்ந்து இழுத்தார்கள். தெற்கு குப்புற விழுந்தது. நூற்றிரண்டு கிலோவும் உட்கார்ந்தபடியே கோடு தாண்டி வந்தது.

மைத்துனர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். “மச்சான், எங்க நின்னாலும் நீங்க நம்ம ஆளு.”

“விடுய்யா. நான் தோத்திருக்கேன்” என்று கையை உதறினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மைத்துனருக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று தெற்கத்திக்காரர்கள் பேசியது அவர் காதிலும் விழுந்துவிட்டது. இரண்டு நாள் கேன்டீன் பக்கம் தலைகாட்டவில்லை. லாரிகளிடம் ஊர் கேட்கவில்லை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் ஃபோர்க்லிஃப்ட்காரன் வந்தான். ஜன்னல் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

“வேணும்னு செய்யலன்னு தெரியும்ணே. பசங்ககிட்டயும் சொல்லிட்டேன். அடுத்த வருசமும் கடைசியில நீங்கதான். ஆனா ரெண்டுதான். எங்க, ஒரு தடவ எண்ணிக் காட்டுங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். “ஒண்ணு” என்று ஆள்காட்டி விரலைத் தூக்கினார். “ரெண்டு” என்று நடுவிரலைத் தூக்கி, வாயை இறுக மூடிக்கொண்டார். வாய் மூடித்தான் இருந்தது. மோதிர விரல், கழலாத மோதிரத்தோடு தானாக எழுந்தது. அதை இடது கையால் பிடித்து மடக்கினார். விட்டதும், மறுபடியும் எழுந்து நின்றது.