காட்டுப் படத்தில் வளர்ந்த கன்னிமார்

ஒச்சம்மாளின் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை திருப்பூர் அருள்புரத்தில் கிடையாது. கல்யாணமான கையோடு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனுடன் வந்தவள், இருபத்திரண்டு வருஷமாக ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங். விசேஷ வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை சட்டையில் நூல் விட்டுப்போன இடம்தான் முதலில் தெரியும். பெண் எப்படி என்று கேட்டால் முழிப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு ஓட்டையை மூன்று மாதம் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். அது இருந்தது புருஷன் செய்த பெட்டியில்.

புருஷன் சோணைமுத்து பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் எக்ஸ்போசிங் பார்க்கிறவர். பனியனில் புலி, பூனை, மண்டையோடு எது விழ வேண்டுமென்றாலும் அதை அச்சடிக்கும் ஸ்கிரீன் அவருடைய இருட்டறையில்தான் பிறக்க வேண்டும். யாரோ போட்டுக்கொள்ள மண்டையோடு அடித்தே ஆயுசு போகிறதே என்று ஒருநாள் ஞானம் வந்தது. அந்தக் காலத்துப் பெரிய பெட்டிக் கேமரா ஒன்றைத் தானே செய்ய உட்கார்ந்துவிட்டார். லென்ஸ், மூடிப்போன ஸ்டூடியோவில் கிடைத்தது. பிலிமுக்குப் பதில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம். ஒரு படத்துக்கு ஒரு தாள். லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீளுகிற துருத்தியை ஊருலகத்தில் தோலிலோ ரெக்சினிலோ செய்வார்கள். இருபத்திரண்டு வருஷம் திருப்பூர்த் தண்ணி குடித்தவர் செய்வாரா? நம்ம ஊரில் இல்லாத துணியா என்று கறுப்புப் பனியன் துணியை இரட்டையாக வைத்துத் தைத்துவிட்டார்.

எடுக்க ஆசைப்பட்டது ஒரே படம். உடுமலைக்கு மேலே, மலைக்காட்டுக்குள், ஆறு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு கிழட்டு மரம். வனத்துறையில் அனுமதி வாங்கி, காவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போவார்கள். பஸ்ஸில் பெட்டி ஒச்சம்மாள் மடியில். ஆர்மோனியமா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஒருவர் பாடச் சொன்னார். அன்றிலிருந்து தையல் மிஷின் என்கிறாள்.

படம் கழுவிப் பிரிண்ட் போட வாடகை வீட்டுக் குளியலறைதான். ஜன்னலில் கறுப்பு அட்டையைக் கண்ட நாளிலிருந்து வீட்டுக்காரம்மா பழனாயிக்கு எரிச்சல். "குளிக்கற எடத்துல என்னுங்க மருந்து கலக்கறீங்க? மாசக் கடைசிக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிப்போடுங்க" என்று சொல்லத்தான் முதல் படம் காய்ந்த அன்றைக்கு வந்தார். வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மரத்துக்குப் பக்கத்தில் விரல் உயரத்துக்கு வெள்ளையாக ஓர் உருவம்.

"ஏங்கண்ணு, இது நம்ம கன்னிமாரு சாமியல்லோ!"

"இல்லம்மா, மருந்து எங்கிட்டோ சரியாப் படியல" என்றார் சோணைமுத்து. யார் காதில் விழுந்தது?

ஒச்சம்மாளுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. துருத்தித் துணியில் ஒரு கண்ணி அறுந்து, அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் புகுந்திருக்கிறது. சொல்ல வாயெடுத்தாள். "சாமி வந்த ஊடு. நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார் பழனாயி. எடுத்த வாய் மூடிக்கொண்டது.

பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அத்தோடு நிற்குமா? பயணத்துக்குப் பயணம் ஓட்டை நீண்டது, சாமியும் வளர்ந்தாள். இரண்டாவது படத்தில் பாவாடை கட்டிய சிறுமி. மூன்றாவதில் சேலை கட்டிய பெண். "பெரிய மனுசி ஆயிட்டாளுங்க" என்று பழனாயி வளையலும் பூவும் வைத்துப் படத்துக்குச் சீர்த்தட்டே கொண்டுவந்துவிட்டார். நாலாவது படத்தைப் பார்க்கப் பங்காளிகளையும் அழைத்தாயிற்று. "சாமி கோவிச்சுட்டுப் போச்சுன்னா, போக வெச்சவீங்க இந்த ஊட்டுல இருக்க முடியாது. ஆமாஞ் சொல்லிப்போட்டேன்."

சோணைமுத்துதான் வாடிப்போனார். மருந்தை மாற்றினார், லென்ஸைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தார். ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "விடு ஒச்சம்மா. எங் கையிலதேன் கோளாறு. மண்டையோடு அடிக்கத்தேன் நான் லாயக்கு" என்றார்.

ஒச்சம்மாள் கணக்குப் போட்டாள். வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம். இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் துருத்தியை வெயிலில் விரித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, உள்பக்கம் ரெக்சின் துண்டை ஒட்டினாள்.

அந்த வாரம் எடுத்த படத்தை ஈரத்தோடு ஏந்திக்கொண்டு சோணைமுத்து குளியலறையை விட்டு வந்தபோது அவர் கண்ணும் ஈரம். மரம் மட்டும் நின்றது. வேரில் பாசி, பட்டையில் வெடிப்பு, எல்லாம் எண்ணிவிடலாம் போல. வாசலில் தேங்காய் பழத்தோடு பதினெட்டுப் பங்காளிகள். பழனாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

"சாமி எங்கீங்க?"

"எங் கைதேம்மா..." என்று பழியை ஏற்கப் போனார் சோணைமுத்து.

ஒச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா! அது சாமியில்ல, துருத்தியில இருந்த ஓட்டை. நாந்தேன் அடைச்சேன். மூணு மாசமாத் தெரியும். வீடு போயிருமேன்னு வாயைத் தொறக்கல."

"மூணு மாசமாவா?" என்றார் சோணைமுத்து. ஒச்சம்மாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பழனாயி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓட்டையை அடைச்சாச் சாமி நின்னுபோயிருமாக்கும்? தம்பி மரம் மரம்னு தவிக்கறாரேன்னு அதாவே நகுந்து வழி உட்டிருக்குது. இதுகூடத் தெரியலீங்களா?" பங்காளிகள் தலையாட்டினார்கள். யாரோ தேங்காயை உடைத்தார்கள்.

பழனாயி மரத்தின் பக்கத்திலிருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். குரலும் தணிந்தது.

"அப்ப இந்த எடம் இப்பக் காலியாத்தானுங்க இருக்குது? வர்ற ஞாயித்துக்கெழமை நானும் வர்றனுங்க. பட்டுச் சேலை கட்டலாமுங்களா?"