நாலாவது தட்டு

புளித்த மாவின் வாசனை எனக்கு மூக்கில் ஏறுவதற்கு முன்பே பின்கழுத்தில் ஏறிவிடுகிறது. இன்று ஞாயிறு. காலையெல்லாம் மின்சாரம் போய்விட்டு வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்ததும் அந்த வாசனை வீட்டுக்காரனைப்போல வெளியே வந்து நின்றது. மனைவி எல்லாவற்றையும் தரையில் இறக்கிப் பரப்புகிறாள். மூன்று கிண்ணங்களில் மூன்று நாள் சாம்பார், மலிவென்று வாங்கி அழுகவிட்ட, பக்கத்து ஊரான தளியில் விளைந்த முட்டைக்கோஸ், கறுத்துப்போன கொத்தமல்லி, எதற்கு அரைத்ததென்று அவளுக்கே நினைவில்லாத ஒரு சட்னி. "ரெண்டு பேர் திங்கிற வீட்டுல இம்புட்டா மிஞ்சும்?" என்கிறாள். எங்கள் விளாத்திகுளம் கரிசலில் மிச்சம் என்ற சொல்லுக்கு அவ்வளவாக வேலை இருந்ததில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் அது மறுநாள் காலைச் சாப்பாடு. மிச்சத்துக்கென்று கதவும் விளக்கும் வைத்த ஒரு பெட்டியை நான் இந்த ஊரில்தான் முதலில் பார்த்தேன்.

ஒரே மாநிலத்துக்குள் பஸ் ஏறிப் போனதற்குப் பெயர் புலம்பெயர்வா என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். எண்பதுகளின் நடுவில் ஓசூரில் இறங்கிய அன்று, ஆடி மாதத்தில் குளிரும் என்பதே எனக்குப் புதிது. டீக்கடையில் கன்னடம், தெலுங்கு, பிறகு ஒரு தமிழ். அந்தத் தமிழும் என் காதுக்குப் பழகாதது. மூக்கண்டப்பள்ளியில் அறை கொடுத்த வீட்டுக்கார அம்மா தினமும் "ஊட்ட ஆயித்தா?" என்பார். ஊட்டிக்குப் போய்வந்தாயா என்று கேட்கிறாரென நினைத்து, இல்லை இல்லை என்று தலையாட்டுவேன். உடனே ஒரு தட்டில் ராகிக் களி வரும். நாலு நாள் களி தின்ற பிறகுதான் அறைத் தோழன் முனிராஜ் விளக்கினான்: "சாப்ட்டாச்சான்னு கேக்கறாங்கண்ணா. ஆயித்துன்னு சொல்லுங்க, விட்டுடுவாங்க."

முனிராஜ் இந்த மண்ணுக்காரன். அவர்கள் கொள்ளு விதைத்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் குடும்பம் தளிப் பக்கம் தோட்டக் கூலிக்குப் போயிருந்தது. இவனுக்கு மட்டும் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலை கிடைத்தது. அண்ணன் கம்பெனியில் இருக்கிறான் என்ற ஒற்றைச் சொல்லில் தங்கைக்குச் சம்பந்தம் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அறையில் அவனையும் என்னையும் தவிர இருவர்: மதுரைப் பாண்டி, ஊத்தங்கரை சையது. மாற்றலாகிப் போன ஒரு மேலாளரின் பழைய ஃப்ரிட்ஜை நான்கு பேரும் சேர்ந்து வாங்கினோம். ஆளுக்கொரு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் பிளாஸ்திரித் துண்டில் பெயர். அடியில் இருந்த நாலாவது தட்டு முனிராஜுக்கு. ஞாயிறுதோறும் ஒருவர் கழுவவேண்டும். மிஞ்சியதைக் கழுவுகிறவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இந்தச் சட்டத்தை இயற்றியவன் நான்.

ஆவணியிலிருந்து முனிராஜ் எல்லா ஞாயிறும் தானே கழுவுவதாகச் சொன்னான். எங்களுக்குச் சந்தோஷம். பாண்டி, "பொண்ணு பாத்தாச்சுடா, இனி அவனே நமக்கு மருமக" என்பான். முனிராஜும் சிரிப்பான். அவனுடைய தட்டு வெகுநாளாகக் காலியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிறு, படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் திரும்பி, கொல்லைப் பக்கமாக வந்தேன். துவைக்கிற கல்லருகே குந்தியிருந்தான். பாண்டியின் ஊசிப்போன பொரியலைக் குழாய்த் தண்ணீரில் அலசி, பிழிந்து, வாயில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாய், இன்னொரு வாய்க்கு மறுபடி அலசல். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் அவன் கம்பெனி வாசலில் விசாரித்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பே வேலையிலிருந்து நிறுத்தி, டோக்கனைத் திருப்பி வாங்கிவிட்டார்களாம். தினமும் சீருடை போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பியவன் எங்கே போனானோ. வாடகைப் பங்கை மட்டும் எப்படியோ கொடுத்துவந்தான். அந்த அறையில் பாய் விரித்திருக்கும்வரை அவன் தளியில் இருந்த குடும்பத்துக்குக் கம்பெனிக்காரன்.

அன்று மாலையே, முனிராஜ் இல்லாத நேரத்தில், அதை நான் நகைச்சுவையாகச் சொன்னேன். அலசியதையும் பிழிந்ததையும் கையால் நடித்துக் காட்டினேன். பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சையது மட்டும், "பசின்னா கேக்கட்டும்ங்க, சோறா இல்ல?" என்றான். கேட்டால் கொடுக்கலாம், கேட்காமல் தின்பது வேறு என்று நான் வாதம் செய்தேன். உண்மை அதுவல்ல. நானும் தற்காலிகம்தான். அந்தக் கல்லருகே அடுத்துக் குந்தவேண்டியவனாக என்னைப் பார்த்துவிட்டேன். பயத்தைத் துப்ப ஒரு முகம் வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு முனிராஜ் எழுமுன் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அந்த வாரம் வேண்டுமென்றே நிறைய மிச்சம் வைத்திருந்தோம், பிதுங்கியது. சோறு, குழம்பு, பாண்டியின் பாதி முட்டை, எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டினேன். அவன் வந்து, "நான் செய்யறண்ணா" என்று கையை நீட்டினான். பினாயில் பாட்டிலைத் திறந்து வாளிக்குள் ஊற்றினேன். சோறு மெல்ல வெள்ளைத் தண்ணீரில் மிதந்தது. "நாய் வாய் வெச்சிரும்லா, அதான்" என்றேன். பாண்டி சிரிக்கவில்லை. முனிராஜ் வாளியையே பார்த்தான். பிறகு அதை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டி, வாளியை இரண்டு முறை கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்து பாயைச் சுருட்டினான்.

இன்று எனக்கு இங்கே சொந்த வீடு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நாக்கு விளாத்திகுளம் என்கிறது. விளாத்திகுளம் போனால், ஓசூர்க்காரர் வந்திருக்கிறார் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் விருந்தாளி. சந்தைக் கூட்டத்தில் மெலிந்த முதுகு எதையாவது பார்த்தால் தெருவை மாற்றிக்கொள்கிறேன்.

முனிராஜ் பாயைச் சுருட்டிய அன்று ஓசூர் பேருந்து நிலையம்வரை அவன் பின்னாலேயே போனேன். வழியனுப்ப அல்ல, போகிறானா என்று பார்க்க. தளி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவன் ஏறவில்லை. பஸ் நகர்ந்தது. ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"தங்கச்சி கல்யாணம் ஆவட்டும். அதுவரைக்கும் அங்க நான் கம்பெனிலதாண்ணா இருக்கறேன்."

அப்படியென்றால் எங்கே போவாய் என்றேன்.

சுருட்டிய பாயைத் தோள் மாற்றிக்கொண்டான். "நீங்கெல்லாம் ஊர உட்டு வந்தவங்க, உங்களுக்கு ரூம் வேணும். எனக்கு இதாண்ணா ஊரு. இங்கியே எங்கியாச்சும் இருப்பேன்."