தலை சாய்த்துக் கேட்ட நாய்

பேச்சிப்பாறை அணையில் தினமும் நீர்மட்டம் அளந்து எழுதுவது என் வேலை. திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் இருந்த நாட்கள் அவை. அளந்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். மீதிப் பொழுதை என்ன செய்வதென்று எந்த சர்க்காரும் சொல்லவில்லை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து மனைவி ஊரிலேயே இருந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானே மாதத்துக்கு ஒருமுறை கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவன்தான்.

ஆகவே நாயிடம் பேசினேன். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பழுப்பு நாய், தொங்கு காது. சாயங்காலமானால் மேலதிகாரியைத் திட்டுவேன், மாமனார் வீட்டுக் குற்றங்களை எடுத்துச் சொல்வேன். அது தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மனிதரில்கூட இப்படி ஒருவர் எனக்கு வாய்த்ததில்லை. நடுநடுவே காதைப் படபடவென்று உதறும். கொசு என்று நினைத்தேன். பின்னங்காலால் சொறியும், உண்ணி தேடினேன், கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

மாடுகளுக்கு ஊசி போட மலையேறி வந்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருநாள் என் வீட்டில் சாயா குடித்தார். பெருமை பொறுக்காமல் நாயைக் காட்டினேன்.

"நான் பேசினா எப்பிடிக் கேக்கு, பாரும் ஓய்!"

அவர் சாயாவைக் கீழே வைத்தார். "கேக்கதா? இது நோவாக்கும் சாரே. எப்பவும் இந்தப் பக்கந்தானே சரிக்கு?"

யோசித்துப் பார்த்தேன். எப்போதும் இடப்பக்கம்தான். நான் வாய் திறக்காதபோதும் அப்படித்தான் இருந்தது.

காது மடலைத் தூக்கி, "மோந்து பாரும்" என்றார். புளித்துப்போன மாவின் வாடை. உள்ளே சிவந்து வீங்கி, காப்பிப்பொடி போலக் கறுப்பாய் அழுக்கு. இத்தனை நாள் வலியில் இருந்த ஜீவனிடம் மாமனாரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தட்டா?"

"ஐயோ, ஊத்திராதயும்! அணை வெள்ளத்துல சாடிச் சாடிக் குளிச்சு, செவிக்குள்ள ஈரம் நின்னுதான் இப்பிடி ஆச்சு. குச்சியும் உள்ள விடப்பிடாது. கண்ணுக்குத் தெரியுக இடத்த மட்டும் பஞ்சால தொடச்சு, இந்த மருந்த ரெண்டு சொட்டு விடும். இன்னும் வச்சிருந்தா செவி போயிருக்கும்." பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் துடைத்தேன். உறுமியது, ஒருதரம் கட்டைவிரலைக் கடித்தும் விட்டது. செவிடாகிவிடுமோ என்று பயந்தேன். அது கேட்காமல் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பத்தாம் நாள் அதன் தலை நேராக நின்றது. அடுப்படியில் கரண்டியைத் தட்டிப் பார்த்தேன், உடனே திரும்பியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. இந்த வருஷமும் வரமுடியாதாம். படியில் உட்கார்ந்து நாய்க்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு வரி வரை இருந்தது. பிறகு தோட்டக் கூலிகள் குடியிருந்த லயன் பக்கம் வேறொரு நாய் குரைக்க, காதை உயர்த்திக்கொண்டு ஒரே ஓட்டமாய் ஓடிவிட்டது. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள். கூப்பிட்டேன். நன்றாகக் கேட்டிருக்கும், ஆனால் வரவில்லை.

குணமாக்காமலே விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பாவி மனம், நினைத்தது. மீதிக் கடிதத்தை வாய்விட்டு வாசிக்கவில்லை.