பால்ட்ஸின் கண்ணும் ஒரு காலித் தோட்டாவும்

ஒட்டிலியா அந்தப் பள்ளத்தாக்கின் தபால்காரி. பழைய ராணுவக் கைத்துப்பாக்கி வாங்க கேண்டன் எனும் மாகாணத்தின் போலீஸ் அனுமதி கொடுத்த கடிதத்தை அவளே தன் பையில் சுமந்து வந்து, தன் வீட்டுப் பெட்டியில் போட்டு, உள்ளே போய் எடுத்துக்கொண்டாள். ஊர் சிரித்தது. சிரிக்கிற ஊருக்கு என்ன, அவள் நெஞ்சில் எரிவது அதற்குத் தெரியுமா?

அவளுடைய அண்ணன் பால்ட்ஸ் மாடியில் கிடந்தான். பனி விழுவதற்குள் நுரையீரல் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஒன்பது வருஷமாக அவன் தங்கையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வைக்கிற சூப்பைக் குடிப்பான், அவள் துவைத்த சட்டையைப் போடுவான், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். கல்லும் கரைந்திருக்கும், அவன் கரையவில்லை.

காரணம் ஒரே ஒரு தோட்டா. பால்ட்ஸ் ஊர்த் துப்பாக்கி சுடும் கிளப்பின் தலைவன். போட்டிகளில் வென்ற, இலைமாலை பொறித்த பதக்கங்கள் அவன் வீட்டுச் சுவரை அடைத்திருந்தன. காலிக் கூடுகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்து அவனுக்குத் தோட்டா அடைத்துக் கொடுப்பது ஒட்டிலியாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. சுட்டுப் பழக அவளுக்கு ஆசையும் இல்லை, நேரமும் இல்லை. அந்த ஒரு ஞாயிறு போன் அடித்தது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தவள், ஒரு கூட்டுக்கு வெடிமருந்து போடாமலே குண்டைப் பொருத்திவிட்டாள். மறுவாரம் போட்டியில் துப்பாக்கி வெடித்துச் சிதறியது. பால்ட்ஸின் வலது கண் போயிற்று.

மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவள் நாக்கு தேய்ந்துவிட்டது. இனி வேறு வழியில்லை என்றுதான் சேமிப்பில் பாதியைக் கொட்டி, அதே மாதிரித் துப்பாக்கியை, அவன் வைத்திருந்த அதே வருஷத்தியதைத் தேடி வாங்கினாள். சுட்டுப் பார்த்து, பத்திரமானது என்று தெரிந்தபின் அவன் கையில் வைக்க வேண்டும். அப்போதாவது ஒரு வார்த்தை வராதா?

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் குழலையும் ஸ்பிரிங்குகளையும் சோதித்துக் கொடுத்தார். சனிக்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு கிளப்பின் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பாளர் வெண்டல், முப்பது வருஷமாக எல்லாரையும் திட்டியே பழகியவர்.

“கண்ணாடியைப் போடு மொதல்ல. காதை மூடு. தோட்டா எது, நீ அடைச்சதா?”

“ஐயோ, இல்ல. கடையில வாங்கினது.”

“பயப்படாத, சும்மா கேட்டேன். மொதல்ல ஒண்ணே ஒண்ணு போடு. துப்பாக்கி மூக்கு எப்பவும் இலக்குக்குப் பின்னாடி இருக்கற மண்மேட்டைப் பாக்கணும். சுடறேன்னு முடிவு பண்றவரைக்கும் விரல் விசைக்கு வெளியதான்.”

அவள் சுட்டாள். மேலே முழங்கால் மாதிரி இருந்த பூட்டு சட்டென்று மடங்கி நிமிர்ந்து, காலிக் கூட்டைத் துப்பியது. இரண்டு, மூன்று, நான்கு என்று சுட்டாள். எதிலும் துப்பாக்கி சிதறவில்லை.

“சத்தம் புஸ்ஸுன்னு வந்தா மட்டும் உடனே நிறுத்திடு,” என்றார் வெண்டல். “மருந்து இல்லாம அடிப்பொறி மட்டும் வெடிச்சு, குண்டு குழலுக்குள்ளயே சிக்கிருக்கும். மேல இன்னொண்ணு சுட்டா அவ்ளோதான்.”

“அடுத்த தோட்டாதான் தானா வந்து உக்காந்துடுமே? அண்ணனுக்கு அப்படித்தான ஆச்சு?”

“தானா எப்படி வரும்? மருந்து வெடிச்ச வேகத்துலதான் இந்த முட்டி மடங்கும். மருந்தே இல்லன்னா அசையாது. கையால இழுத்தாதான் அடுத்தது ஏறும்.”

ஒட்டிலியா துப்பாக்கியை மேசையில் வைத்தாள். மூக்கு மண்மேட்டைப் பார்த்தபடியே இருந்தது.

“கையாலயா?”

“ஆமா. அன்னிக்குப் போட்டியில அவன் பின்னாடி நின்னவன் நான்தானே! கடைசி ரெண்டு குண்டு, பதக்கம் கைக்கு எட்டுற தூரம், நேரம் ஓடுது. புஸ்ஸுன்னுச்சு. ‘நிறுத்துடா’ன்னு நான் கத்தி முடிக்கறதுக்குள்ள இழுத்துச் சுட்டுட்டான். அந்தச் சத்தம் தெரியாதவனா அவன்? எத்தன பேருக்கு அவனே பாடம் எடுத்திருக்கான்.” வெண்டல் அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “ஏம்மா ஒட்டிலி, ஊருக்கே தெரிஞ்ச கதையாச்சே. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. தலைவனாச்சே என்று யாரும் அவளிடம் பேச்சை எடுக்கவில்லை. அவளும் வெட்கத்தில் கிளப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம்! தபால் பையை விடக் கனமாக அதைச் சுமந்தாளே, பாவி மகள்.

குழலில் ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை பார்த்து, துணியில் சுற்றி, வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். பால்ட்ஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவள் துப்பாக்கியைப் போர்வைமேல் பிரித்து வைத்தாள். வெடிமருந்து வாசனைக்குத்தானோ என்னவோ, அவன் திரும்பினான். ஒற்றைக் கண்ணால் அதையே பார்த்தான்.

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் படியேறினாள். அந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“அண்ணா,” என்றாள். “அன்னிக்கு, அந்தப் புஸ்ஸுன்னு வந்த சின்னச் சத்தம்... உனக்குக் கேட்டுச்சா?”

அவன் கை ஊர்ந்து போய்த் துப்பாக்கியின் முட்டியைத் தொட்டது.

“கேட்டுச்சு,” என்றான்.

ஒன்பது வருஷம் கழித்து அவன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் துணியை எடுத்துத் துப்பாக்கியை மறுபடி சுற்றினாள். இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, அவள்தான் திரும்பிக்கொண்டாள்.