சகலை வீட்டு ஊஃபர்

நேரில் அத்தான், அண்ணே என்று மரியாதையாகக் கூப்பிட்டவர்கள், அவர் தலை மறைந்ததும் "நொட்டை" என்றார்கள். எதைக் காட்டினாலும் நொட்டை சொல்கிறவர் என்பதால் வந்த பட்டம். எடைமிஷின் செய்யும் தொழிற்சாலையில், தயாரான மிஷின்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. அங்கே அவர் பிடித்த பிழைகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வெளியே பிடித்ததெல்லாம் இலவசம். யார் வீட்டுக்குப் போனாலும், குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிடுவார்.

"இதுல பாட்டும் வருமா, இல்ல தலைவலி மட்டும்தானா?"

ஆகவே அவரை யாரும் அதிகம் கூப்பிடுவதில்லை. அவரும் அதற்கு வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் காது என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள இருக்கும் கொக்கி என்பது அவர் கட்சி.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், டைல்ஸ் வியாபாரி. புது வீட்டு ஹாலுக்கு ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டும், அடிச்சத்தத்துக்கென்று வாஷிங் மிஷின் மாதிரி ஒரு சப்வூஃபரும், அவற்றை ஓட்ட ஓர் ஆம்ப்ளிஃபையரும் வாங்கிப் போட்டார். போட்டும் என்ன, சத்தம் சொத்தையாக இருந்தது. வேறு வழியில்லாமல் நொட்டைக்குப் போன் போட்டார்.

நொட்டை போய், ஊஃபரின் முதுகில் இருந்த திருகுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை.

"இந்தத் திருகை யாரு இவ்வளவு கீழ வெச்சது?"

"கடைக்காரங்கதான் வெச்சிட்டுப் போனாங்கண்ணே. ஏன்?"

"எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ள கனத்த சத்தத்தையெல்லாம் ஆம்ப்ளிஃபையர் பிரிச்சு இந்தப் பெட்டிக்கு அனுப்புது. மேல உள்ளது ஸ்பீக்கருக்குப் போகுது. அதுக்குப் பேருதான் கிராஸ்ஓவர். உன் பெட்டி என்ன பண்ணுது? வந்ததுல ஐம்பதுக்கு மேல எனக்கு வேணாம்னு இன்னொரு தடவை வெட்டுது. நடுவுல உள்ளதை யாரு வாசிப்பா, நீயா?"

சகலை தலையாட்டினார். டைல்ஸ் கடையில் என்ஜினியர்கள் பேசும்போதும் அவர் இப்படித்தான் தலையாட்டுவார்.

நொட்டை பெட்டியின் திருகை முழுக்கத் திறந்துவிட்டு, பிரிக்கிற வேலையை ஆம்ப்ளிஃபையரிடமே ஒப்படைத்தார். பளபளக்கும் தரையில் குப்புறப் படுத்து, பெட்டியை ஒரு சாண் நகர்த்தி, திரும்ப அரைச் சாண் இழுத்து, ஒரே பாட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டார். மச்சினி அவர் காலைத் தாண்டித் தாண்டி நடந்தாள். சாப்பாட்டு நேரத்துக்குள் சத்தம் சரியாக வந்து பொருந்தியது. பாடுகிறவனின் குரலும் அடியில் போகும் கனமும் ஒரே தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. பெட்டி என்று ஒன்று அந்த அறையில் இருப்பதே தெரியவில்லை. நொட்டை கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் குறை சொல்லத் தோன்றாத நேரங்கள் இவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது, சகலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

"அண்ணே, இது ஓடுதா?"

"ஓடுது."

"தெரியவே இல்லையே."

"தெரியாம இருந்தாத்தான் சரியா வெச்சிருக்குன்னு அர்த்தம்."

"தெரியாம இருக்கறதுக்கா அண்ணே இவ்வளவு பெரிசா வாங்கினேன்?"

நொட்டை கையைக்கூடக் கழுவாமல் கிளம்பி வந்துவிட்டார்.

அந்த வாரமே மச்சினி போன் செய்தாள். "அத்தான், ஊஃபர் வாங்கினதைக் காட்டணும்னு பக்கத்து வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டாரு. வந்தவங்க டைல்ஸ் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்காரு."

நொட்டையின் மனைவி விடவில்லை. "என் தங்கச்சி வீடு. ஒரு தடவை போயிட்டு வாங்க."

போனார். ஆம்ப்ளிஃபையரில் கிராஸ்ஓவரை எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினார். ஊஃபரின் வால்யூமை முட்டும் வரை திருகினார். பாட்டைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அலமாரியில் இருந்த டம்ளர் ஒன்று தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. பாடகனுக்குத் தொண்டை கட்டி, பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். திட்டுவதற்குப் பதிலாகத்தான் அவர் அப்படி வைத்தார். இப்போதாவது உறைக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சகலை ஓடி வந்து கட்டிக்கொண்டார். "இதுதாண்ணே. இதைத்தானே நான் அன்னிக்கே கேட்டேன்."

மச்சினி நெஞ்சில் கை வைத்து, "இங்க வந்து இடிக்குது அத்தான்" என்றாள், பாராட்டாக.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சகலை ஊரெல்லாம் சொன்னார். டைல்ஸ் வாங்க வந்தவர்களுக்குச் சொன்னார், டைல்ஸோடு ஆளையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி. சித்தப்பா மகன் கூப்பிட்டான், எதிர்வீட்டு டாக்டர் கூப்பிட்டார், முன்பு இவரைக் கண்டால் தெரு மாறிப் போனவர்களும் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வீடுகளில் நொட்டை விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு வாசலிலேயே கேட்க ஆரம்பித்தார்.

"நல்லா கேக்கணுமா, நிறைய கேக்கணுமா?"

யோசிக்காமல் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவர் திருகுகளை முட்டும் வரை திருகிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தார். டாக்டர் வீட்டில் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

"பாவிங்க, காதுக்குப் பதிலா ரெண்டு ஓட்டையை வெச்சிட்டு அலையறாங்க" என்றார் மனைவியிடம்.

"முன்னெல்லாம் உங்கள யாரும் வீட்டுக்கே கூப்பிட மாட்டாங்க" என்றாள் அவள், கீரை ஆய்ந்துகொண்டே. "வேண்டாம்னா இந்த வாரம் வரலைன்னு சொல்லிடுங்களேன்."

அவர் உள்ளே போய், இஸ்திரி போட்ட சட்டை எங்கே என்று கேட்டார்.