இரண்டு பட்டியலிலும் ஹனீஃபா

ஹனீஃபா சார் கோபாலபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு வாத்தியார். அந்த ஸ்டாஃப் ரூமில் பதினேழு பேர். ஆண் அவர் ஒருவர்தான். நடுவில் இரண்டு வருஷம் சம்பளமில்லா விடுப்பில் மாலத்தீவுக்குப் போய், ஒரு குட்டித் தீவுப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தார். அங்கே பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஆண்கள். அவர்களில் ஆறு பேர் நம் நாட்டுக்காரர்கள்.

அதனால்தான் தலைமையாசிரியை சாருலதா அவரைப் பிடித்துக்கொண்டார். மயிலாப்பூரில் ஆசிரியர் கூட்டம்.

"ஆண் ஆசிரியர்கள், ரெண்டு நாட்டு ஒப்பீடுன்னு பத்து நிமிஷம் பேசிடுங்கோ சார். ரெண்டு இடத்துலயும் வேலை பார்த்திருக்கேள்."

ஹனீஃபா இரண்டு நாட்டு ஆண் ஆசிரியர்களின் எண்ணிக்கையைத் தேடி எடுத்தார். இந்தியாவின் எண்ணுக்குப் பக்கத்தில் மாலத்தீவின் எண் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போயிற்று. எதைச் சொல்வது? சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் மனைவி கைசர் ஜஹானிடம் புலம்பினார்.

அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "இங்கேருந்து போனவங்கள எந்த ஊர்ல சேர்ப்பாங்க? அந்த ரெண்டு வருஷம் நீங்க எந்தக் கணக்கு?"

 மறுநாள் ஹனீஃபா பள்ளி எழுத்தர் கபாலியிடம், கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய பழைய வருடாந்திர விவரங்களைத் திறக்கச் சொன்னார். தீவுப் பள்ளியின் ஆசிரியர் பட்டியல் அவர் போனிலேயே இருந்தது. அதில் அவர் பெயர் உண்டு. அதே வருஷம் இங்கேயும் உண்டு.

"லீவுல போனாலும் போஸ்ட் உங்களுது தானே சார்? பேரு இங்கதான் கீது. பத்தாவது 'பி'க்கு மேத்ஸ் எடுத்ததும் நீங்கதான்னு கீது."

அந்த வகுப்பை எடுத்தது ஜெயபாரதி. மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவள். நிர்வாகம் தற்காலிகமாக வைத்த ஆசிரியை.

"அந்தம்மா போன மாசம் அனுபவச் சான்றிதழ் கேட்டுக்கினு வந்துச்சு. ரெக்கார்டுல பேரே இல்லன்னு மேடம் அனுப்பிட்டாங்க" என்றான் கபாலி.

கூட்டத்தில் ஹனீஃபா இரண்டு எண்களையும் வாசித்தார். "இதுல ஒண்ணு கூடுதலா இருக்கு. எந்த நாட்டுல கழிக்கணும்னு எனக்குத் தெரியல" என்று நிறுத்திக்கொண்டார். யாருக்கும் புரியவில்லை.

வெளியே வந்ததும் சாருலதாவிடம் ஜெயபாரதி விஷயத்தைச் சொன்னார். சாருலதா போன வருஷம்தான் பொறுப்புக்கு வந்தவர்.

"ஒரே வகுப்பை ரெண்டு பேர் எடுத்ததா நான் எப்படி எழுதறது?"

"ரெண்டு பேர் எடுக்கல மேடம். நான் எடுக்கவே இல்ல."

"அப்போ நாம தப்பா அனுப்பியிருக்கோம்னு ஆகும். ஆபீஸ்ல உங்க விடுப்பையே நோண்டுவா. பென்ஷன் வரைக்கும் இழுக்கும். யோசிச்சுக்கோங்கோ."

இரண்டு நாள் யோசித்தார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, கபாலியும் செய்யவில்லை. ஆனால் இரண்டு வருஷம் பாடம் நடத்தியவள் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. மூன்றாம் நாள் அலமாரியைக் குடைந்து பத்தாவது 'பி'யின் மதிப்பெண் பதிவேட்டை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் ஜெயபாரதியின் கையெழுத்து. நகல் எடுத்து, 'இந்த இரு ஆண்டுகளும் நான் பணியில் இல்லை' என்று எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

சாருலதா அதை ஒரு நாள் வைத்திருந்தார். பிறகு ஜெயபாரதிக்குச் சான்றிதழைக் கொடுத்துவிட்டார். பழைய விவரங்களில் மட்டும் கை வைக்கவில்லை. "அது மேல போயாச்சு சார்."

ஜெயபாரதிக்கு அடையாற்றில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. போனில் அவள் நன்றி சொல்லவில்லை. "அப்ப நான் அங்க இருந்தேன்னு ரெக்கார்டுலயும் எழுதிட்டாங்களா சார்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அந்தச் சான்றிதழைப் பார்த்த கல்வி அலுவலகத்திலிருந்து, விடுப்பு பற்றி விளக்கம் கேட்டு ஹனீஃபாவுக்கு ஒரு கடிதம் வந்தது. விடுப்பு ஆணையின் நகலை அனுப்பியிருக்கிறார். நாலு மாதமாகப் பதில் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று கபாலியைக் கேட்டால், அவனுக்கும் தெரியவில்லை.